கோளியும் கோழியும்

"கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது" என்று எங்கள் பாட்டிமார் சொல்வதுண்டு. முத்து முத்தாக எழுத வராத எங்களில் சிலருக்கு இது பெரிய ஆறுதல். அப்படிப்பட்ட நாங்களே இவ்வாண்டு ஜூன் திங்கள் முதல் பத்துச் சனிக்கிழமைகள் பிறருடைய கையெழுத்தையும் எழுத்துப் பிழையையும் திருத்தும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது வேடிக்கைதான்.

மேலூர் சாலையில், யானைமலையைத் தாண்டி, சற்று உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்குத் தமிழ் எழுதப் பழக்க வேண்டும் என்று எங்கள் சமூக சேவைக் குழுவின் பொறுப்பாளரான சிஸ்டர் கூறியபோது, பத்தாம் வகுப்பு மாணவியர் ஒன்பது பேர் கை உயர்த்தினோம். "பொதுத்தேர்வு ஆண்டில் இது எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்டது நியாயமே. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் புறப்பட்டோம்.

அன்பார்ந்த வாசகர்களே! சிறு பிள்ளைகள் ஏன் பிழையாக எழுதுகிறார்கள், அவற்றை எப்படித் திருத்தலாம் என்பதை நாங்கள் கண்ட அளவில் இங்கே விளக்க முற்படுகிறோம். முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுவதே முறை.

முதல் சனிக்கிழமை, "உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள்" என்றோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் எழுதிக் கொடுத்தாள். அவள் வீட்டில் கோளி இருந்தது; கெணறு இருந்தது; வாசலில் வாளை மரம் இருந்தது; அவளுடைய அப்பத்தா தொடப்பம் கட்டுவார். நாங்கள் சிவப்புப் பேனாவை எடுத்தோம். எங்களுக்கு அதுவரை பிறர் நோட்டைத் திருத்தும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. ஆகவே சற்று ஆசையாகவே திருத்தினோம் என்பதை மறைப்பதற்கில்லை. பதினான்கு வட்டங்கள் போட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை எழுதி வரச் சொன்னோம்.

அடுத்த வாரமும் அதே தலைப்புத்தான். அச்சிறுமி மூன்றே சொற்கள் எழுதியிருந்தாள். படம், பட்டம், மரம். ஒன்றிலும் பிழையில்லை. "மற்றதெல்லாம் எங்கே?" என்று கேட்டோம்.

"தப்பு வராத வார்த்தை எனக்கு இம்புட்டுத்தான் தெரியும்க்கா" என்றாள்.

அன்று பேருந்தில் திரும்பும்போது எங்களுக்குள் பேச்சே இல்லை.

திங்கட்கிழமை எங்கள் தமிழம்மாவிடம் அந்த நோட்டைக் கொண்டுபோனோம். அவர் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், "எங்கே, நீங்கள் ஒவ்வொருவராகக் கோழி என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். ஒன்பது பேரில் ஐந்து பேர் வாயிலிருந்து வந்தது கோளிதான்! செய்யுள் ஒப்பிக்கும்போது சரியாக வரும் ழகரம், வீட்டுப் பேச்சில் எங்களையும் விட்டு ஓடிப்போகிறது. மதுரைப் பக்கத்தில் பழம் பளமாகும், மழை மளையாகும், வாழை வாளையாகும். லகரமும் ளகரமும் இங்கே ஒன்றோடொன்று கலப்பதில்லை. ழகரம் மட்டும் ளகரத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பிள்ளை தன் காதில் விழுந்ததை ஒழுங்காக எழுத்தாக்கியிருக்கிறாள். அவள் காது பழுதில்லை, கையும் பழுதில்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு தமிழம்மா எங்களையே ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். பிள்ளைகள் எழுதிய பிழைகளை ஒருபுறமும் சரியான சொற்களை மறுபுறமும் எழுதினோம். கெணறு, கிணறு. வெளக்கு, விளக்கு. எல, இலை. தொடப்பம், துடைப்பம். கொடம், குடம். ஒலக்க, உலக்கை. "இதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா?" என்று கேட்டார். வெகுநேரம் விழித்தோம். எங்களில் ஒருத்திதான் கண்டுபிடித்தாள்: முதலில் வரும் இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. ஆனால் எல்லாச் சொல்லிலும் இல்லையே! கிளி கெளியாவதில்லை, புளி பொளியாவதில்லை, குடி குடியாகவே இருக்கிறது. ஏன்? இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். அது அகரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால்தான் பெரும்பாலும் முதலெழுத்து இப்படித் திரிகிறது. கி-ண-று, வி-ள-க்கு, இ-லை, து-டை-ப்பம் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். பின்னால் அகரத்துக்காக வாய் திறக்கப் போகிறது என்பதால், முன்னதாகவே சிறிது திறந்துவிடுகிறது போலும்! எட்டு வயதுப் பிள்ளைகள் அனைவரும், யாரும் கற்பிக்காமலேயே, ஒரே விதிப்படி பிழை செய்திருந்தார்கள். இலக்கண நூலைப் பிரித்தால் தூக்கம் வரும் எங்களுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம் சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். கரும்பலகையில் இரண்டு வீடுகள் வரைந்தோம். ஒன்று பேச்சு வீடு, மற்றொன்று எழுத்து வீடு. "வெளக்குப் பேச்சு வீட்டில் இருக்கிறான், எழுத்து வீட்டுக்குப் போகும்போது சட்டை மாற்றிக்கொள்கிறான், விளக்கு ஆகிறான்" என்றோம். பிள்ளைகள் விடுவார்களா? எடம், வெரல், நெலம், பொக, மொகம் என்று தாங்களே அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சட்டை மாற்றினார்கள். காத்து காற்றாயிற்று, நேத்து நேற்றாயிற்று. ஒரு சிறுவன் தன் பெயருக்கும் சட்டை மாற்ற முடியுமா என்று கேட்டான்.

ழகரத்துக்கு நாவைப் பழக்க வேண்டியிருந்தது. நாவின் நுனியைப் பின்னுக்கு வளைத்து மேலண்ணத்தைத் தொட்டால் ளகரம். அதே போல் வளைத்துத் தொடாமல் நிறுத்தினால் ழகரம். "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே பழக்கினோம். அதற்கடுத்த வாரம் ஒரு புது வம்பு. எல்லாம் ழகரமாகிவிட்டது! பழ்ழி, வெழ்ழம், தவழை. எங்களுக்குத் தலைசுற்றியது. ஆனால் தமிழம்மா, "இது நல்ல அறிகுறி. அப்படி ஓர் எழுத்து இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது, எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை" என்று சொல்லி ஒரு விதி தந்தார். தமிழ்ச் சொற்களில் ழகரம் தன்னோடு தான் இரட்டிக்காது. இரட்டித்து வந்தால் அது ள்ள அல்லது ல்ல. சின்ன ரகரமும் அப்படியே. ர்ர என்று ஒருபோதும் வராது. இரட்டிப்பது வல்லின றகரம் மட்டுமே. வெற்றி, காற்று, கற்றை என எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பெரிய ற போடலாம். நாங்கள் பத்தாண்டு தமிழ் படித்தும் இதை ஒரு விதியாக எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்று நகரங்களின் கதை இதைவிடச் சுவையானது. பிள்ளைகள் "மூணு சுழி ண, ரெண்டு சுழி ன" என்கிறார்கள். சுழி எண்ணுவதில் எப்போதும் தகராறுதான். ஆனால் நம் முன்னோர் இவற்றுக்கு வைத்த பெயர்கள் வேறு: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயரிலேயே விடை இருக்கிறது! டகரத்துக்கு முன் வருவது டண்ணகரம்: வண்டி, நண்டு, கண்டான். தகரத்துக்கு முன் வருவது தந்நகரம்: பந்து, சந்தை, வந்தான். றகரத்துக்கு முன் வருவது றன்னகரம்: கன்று, நின்றான், தென்றல். அரிச்சுவடியில் ட-வை அடுத்து ண, த-வை அடுத்து ந, ற-வை அடுத்து ன என்று நிற்பதற்கும் இதுவே காரணம். க-வை அடுத்து ங, ச-வை அடுத்து ஞ, ப-வை அடுத்து ம என்று மற்ற இணைகளும் அப்படியே. தங்கம், பஞ்சு, பாம்பு. சொல்லின் முதலில் வருவது தந்நகரம் ஒன்றுதான். மற்ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. இவ்வளவு தெரிந்தால் நகரப் பிழையில் பெரும்பகுதி போய்விடும். மனமா மணமா, பனியா பணியா என்ற இடத்தில் மட்டும் விதி உதவாது. பொருளைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இவையெல்லாம் ஒலியால் வரும் பிழைகள். வடிவத்தால் வருபவை வேறு. அவற்றைப் பார்த்தபோது, பிள்ளைகள் செய்யும் பிழைகளுக்குப் பின்னால் நம் எழுத்தின் நீண்ட வரலாறே நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

புள்ளி வைக்க மறக்காத பிள்ளை உண்டா? அம்மா, அமமா ஆகிவிடுவாள். மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில், 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பானை ஓடுகளில் ஆதன் முதலான பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அந்தப் பழைய தமிழி எழுத்தில் தொடக்கத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. பின்னர்தான் அது வந்தது. ஓலைச் சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆகவே புள்ளியை மறந்த பிள்ளையிடம், "நீ பழங்காலத்துப் பிள்ளையோ!" என்று கேட்போம். சிரித்துக்கொண்டே புள்ளி வைப்பாள்.

அடுத்தது கொம்பு. தேன் என்பதைத் தென் என்றும், கோவில் என்பதைக் கொவில் என்றும் எழுதிவிடுவர். குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு என்ற வேறுபாடு, மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. அதற்கு முன் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலையிலோ புள்ளி இல்லை. எனவே குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர்தாம் இடம்பார்த்து உணர வேண்டியிருந்தது. இத்தாலியில் பிறந்து, வளர்ந்த பின் தமிழைக் கற்றவர் அவர். அயல்நாட்டினருக்குத் தமிழ் கற்பிக்க இலக்கண நூல்களும் எழுதியவர். தெனா தேனா என்று அவரும் ஒருநாள் ஏட்டை வைத்துக்கொண்டு திண்டாடியிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தேனுக்கு ஒற்றைக் கொம்பு போட்ட நம் சிறுவன் 300 ஆண்டுக்கு முன் பிறந்திருந்தால் அவன் நோட்டில் வட்டமே விழுந்திராது!

கொம்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. கெ என்று சொல்லும்போது ககர ஒலிதான் முதலில் கேட்கிறது. எழுதும்போதோ கொம்பு முதலில் வருகிறது. கொ என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெரியவர்களுக்குப் பழகிப்போனதால் இது விந்தையாகத் தெரிவதில்லை. பிள்ளைகள் ககரத்தை எழுதிவிட்டுப் பிறகு இடம் தேடிக் கொம்பை முன்னால் நுழைப்பார்கள். அது முந்தின எழுத்தின்மேல் ஏறி உட்காரும். எழுதுமுன் "கொம்பு வருமா, வராதா?" என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ளப் பழக்கினோம்.

எங்களை மிகவும் வெட்கப்பட வைத்தது வேறொரு நிகழ்ச்சி. ஒரு பையன் லை என்ற எழுத்தை எங்களுக்குத் தெரியாத ஒரு வடிவில், யானைத் துதிக்கைபோல் முன்னால் ஒரு வளைவு போட்டு எழுதியிருந்தான். முதல் வாரம் அதற்கும் வட்டம் போட்டிருந்தோம். பிறகுதான் விசாரித்தோம். பாட்டி சிலேட்டில் எழுதிக் காட்டினாராம். அவர் பள்ளியில் படித்த காலத்தில் அதுவே சரியான வடிவம்! 1978 அக்டோபர் 19ஆம் நாள் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையால் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா என்பவை அதற்கு முன் தனிக்கால் இல்லாமல் எழுத்தோடு எழுத்தாகச் சுழிந்திருந்தன. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்பவையும் அவ்வாறே. ணை, லை, ளை, னை என்ற நான்குக்குத் துதிக்கை இருந்தது. 1935 முதல் பெரியார் தம் குடி அரசு இதழில் கைக்கொண்டு வந்த சீர்திருத்த எழுத்துகளை ஒட்டி, அவருடைய நூற்றாண்டை முன்னிட்டு வந்த ஆணை அது. இதன் பயன் சிறு பிள்ளைகளுக்கே மிகுதி. தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய பதின்மூன்று வடிவங்கள் குறைந்தனவே! உகர ஊகார வரிசைகளை மட்டும் அந்த ஆணை தொடவில்லை. கு, சு, து, மு, ணு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பிள்ளைகள் இன்றும் அதிகம் தடுமாறுவது அங்கேதான். எங்கள் மடத்தில் உள்ள மூத்த சிஸ்டர் ஒருவர் இன்றும் கடிதம் எழுதும்போது துதிக்கை னைதான் போடுகிறார். இதைப் படித்தால் சிரிப்பார், மாற்றிக்கொள்ளமாட்டார்!

அந்தப் பையனிடம், "உன் பாட்டி எழுதியது தவறில்லை, பழைய எழுத்து, உன் புத்தகத்தில் உள்ளது புது எழுத்து" என்று விளக்கிச் சொன்னோம். மறுவாரம் அவன் பாட்டிக்குப் புது லை எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

இனிக் கையெழுத்து. தொடக்கத்தில் நாங்கள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதி முடித்த பக்கத்தில் எழுத்து எங்கே தொடங்கியது என்று தெரியாது. கையைப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒருவன் ம-வைக் கீழிருந்து மேலே இழுக்கிறான், ஒருத்தி ட-வை வலப்பக்கத்திலிருந்து எழுதுகிறாள். பென்சிலை ஐந்து விரலாலும் முறுக்கிப் பிடித்து, தாள் கிழியும்படி அழுத்துவோரும் உண்டு. இவர்களுக்கு இரட்டைக்கோடு நோட்டைக் கொடுத்துப் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால், தவறான இழுப்பே பத்துப் பக்கமும் பழகிப் போகும். அதை நாங்கள் ஒருமுறை செய்தும் பார்த்துவிட்டோம்.

ஆகவே நோட்டை மூடிவிட்டு மணலுக்குப் போனோம். கட்டட வேலை நடந்த ஓரிடத்தில் கேட்டு வாங்கிய மணலைச் சலித்து, பழைய தகரத் தட்டுகளில் பரப்பினோம். முதலில் நேர்க்கோடும் மூலையும் கொண்ட ட, ப, ம, பிறகு ய, அதன்பின் தலையில் கோடு போட்டுக்கொண்டு வரும் க, ச, த, சுழி நிறைந்த ண, ன, ல, ள கடைசியில். அரிச்சுவடி வரிசை ஒலிக்கு ஏற்றது. கைக்கு ஏற்ற வரிசை வேறு. ஆட்காட்டி விரலால் பெரிதாக எழுதும்போது தோள்பட்டை முதல் கை முழுவதும் அசைகிறது. மணல் விரலுக்குச் சிறிது எதிர்ப்புக் கொடுக்கிறது. எல்லாவற்றினும் மேலான நன்மை, தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் பிழை மறைந்துவிடும்! மூன்று சொல் எழுதிய அந்தச் சிறுமி மணலில்தான் மறுபடி எழுதத் தொடங்கினாள்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியே ஓலைக்கு வந்தனர். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பலர். எனவே முன்னரே கற்ற மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களை எழுதப் பழக்குவான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்மக்களுக்காக இருந்த அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து நாட்டவர், தமிழ்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. உடனே ஒரு மாணவனைக் கொண்டே சிறுவர்களுக்கு அகரவரிசை கற்பிக்கச் செய்தார். 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. சீமைப் பள்ளிகளில் மணல் பலகை வைத்து எழுதிய காலமும் இருந்தது. நம் ஊர்த் திண்ணையில் கிடந்த பிடி மணல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

ஆயினும் சட்டாம்பிள்ளைகளைப் பற்றி நல்ல பெயர் மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது. பிரம்பு பிடித்தவர்களும் அவர்களே. நாங்கள் பிரம்புக்குப் பதில் சிவப்புப் பேனா பிடித்தோம் என்று எங்களில் ஒருத்தி சொன்னபோது மற்றவர்கள் மறுக்கவில்லை.

மணலிலிருந்து கரும்பலகைக்குப் போனோம். அப்பள்ளியில் வகுப்பறைச் சுவரின் அடியில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுதத் தாழ்வான கரும்பலகை ஓடுகிறது. 2007ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாடெங்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது இவ்வகைப் பலகைகள் பரவின. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். அதற்குப் பிறகுதான் பென்சில், நோட்டு. பென்சிலைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் தாங்க வேண்டும். குட்டைப் பென்சிலைச் சேமிப்பதில் தாய்மார் கெட்டிக்காரர்கள். ஆனால் விரலளவுக்கும் குறைந்த பென்சிலைப் பிள்ளையால் ஒழுங்காகப் பிடிக்க முடியாது என்பதைப் பெற்றோர் அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும். இடக்கையால் எழுதும் ஒருத்தி இருந்தாள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடித்து இடித்து அவள் எழுத்து நடுங்கியிருந்தது. அவளை வரிசையின் இடக்கோடியில் உட்காரவைத்து, நோட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்தோம். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு வாரத்தில் அவள் எழுத்துத்தான் வகுப்பிலேயே நேராக நின்றது.

எல்லாம் வெற்றி என்று எண்ணவேண்டா. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதை அவ்வகுப்பின் ஆசிரியை எங்களுக்கு விளக்கினார். அரும்பு நிலையில் இருந்த இரண்டு சிறுவர்கள் பத்து வாரத்துக்குப் பிறகும் அரும்பாகவே இருந்தார்கள். ஒருவன் பல நாள் வரவே இல்லை. நாற்றுநடவுக் காலத்தில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டான். அதற்கு மணலும் உதவாது, விதியும் உதவாது. 'சொல்வதை எழுதுதல்' வைக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் கடைசிவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை. வைத்தால் பயப்படுகிறார்கள்; வைக்காவிட்டால் கேட்டு எழுதும் பழக்கம் வருவதில்லை. முடிவில், ஐந்து சொற்கள் மட்டும் வைத்து, பிள்ளையே புத்தகத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டோம். சிலர் புத்தகத்தை முன்னதாகவே பார்த்துவிட்டனர். அதையும் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம்.

பத்தாவது சனிக்கிழமை, அஞ்சலகத்தில் அஞ்சலட்டைகள் வாங்கிக்கொண்டு போனோம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றோம். பெரும்பாலோர் தாத்தா பாட்டிக்கு எழுதினர். ஒருவன் தன் வீட்டுக்கே எழுதினான். தபால்காரர் தன் வாசலில் வந்து நிற்க வேண்டுமாம்!

முதல் வாரம் பதினான்கு வட்டம் வாங்கிய சிறுமியின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். வாரம் ஒருமுறை கைப்பேசியில் பேசுவார். அவருக்கு அவள் எழுதியதே முதல் கடிதம். அட்டை நிறைய எழுதிவிட்டு, முகவரிப் பக்கத்திலும் ஏறப் பார்த்தாள். கோழி குஞ்சு பொரித்தது, கிணற்றில் வாளி விழுந்தது, அப்பத்தாவுக்குக் கால்வலி, தனக்கு மூன்று சுழி ண எழுத வரும், தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தாள். ஐந்தாறு இடங்களில் பிழை இருந்தது. அனுப்புமுன் திருத்திவிடலாம் என்று எங்களில் நால்வர் சொன்னோம். அவருக்கு எழுதியது அவள், நாம் கை வைக்கக் கூடாது என்று ஐவர் சொன்னோம். அவள் எங்களைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அட்டையை வாங்கித் தானே உரக்கப் படித்தாள். தீவாளி என்பதை அழித்துத் தீபாவளி ஆக்கினாள். வெரலை விரலாக்கினாள். மேலே கோழி என்று எழுதியிருந்தவள் கீழே ஓரிடத்தில் கோளி என்று எழுதியிருந்ததை மட்டும் அப்படியே விட்டாள்.

"அது ஏன்?" என்று கேட்டோம்.

"அது நான் அப்பாகிட்ட பேசுறதுக்கா" என்றாள்.

ஊர் எல்லையில், பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகே இருக்கும் சிவப்புத் தபால் பெட்டியில் அட்டையை அவளே போட வேண்டும் என்று கூடவே வந்தாள். கை எட்டவில்லை. தூக்கிப் பிடித்தோம்.